தராசுத் தட்டின் மேல் ஒரு கை

மரக்கன்று வாங்கும்போது எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். அடித்தண்டைப் பார்க்க வேண்டும். தண்டு தடிமனாக இருந்தால் எந்த மண்ணிலும் வேர் பிடித்துவிடும். இத்தனை வருடமாகப் பூங்கா வடிவமைப்பவன் சொல்கிறேன், நம்பலாம்.

சந்தைச் சதுக்கத்தை நீங்களும் இப்போது பார்த்திருப்பீர்கள். புல்தரை, கல் இருக்கைகள், மாலையில் ஓடி விளையாடும் பிள்ளைகள். முன்பு அங்கே தகரக் கூரையும் சாக்கடையும் அழுகிய கோஸ் இலையும்தான். அதை மாற்றியவன் நான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் அக்கா அங்கேதான் காய்கறிக் கடை போட்டிருந்தாள். அம்மா போன பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். யாராவது குத்திக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் நன்றி கெட்டவன் இல்லை. ஊருக்கு வெளியே கட்டிய புதுச் சந்தையில், வாசலை ஒட்டிய கடையை அவளுக்குத்தான் முதலில் ஒதுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அவள் அசையாததால் மற்றவர்களும் அசையவில்லை. மழைக்காலத்துக்குள் இடம் காலியாகாவிட்டால் திட்டத்தையே கைவிடுவதாக நகராட்சி சொல்லிவிட்டது.

வரைபடத்தைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"மரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது நிழல் தர எத்தனை வருஷம்டா ஆகும்?"

"ஏழெட்டு வருஷம்க்கா."

"அதுவரைக்கும்?"

பக்கத்துக் கடை எலுமிச்சைக்காரி முந்திக்கொண்டாள். "அதுவரைக்கும் உங்க தம்பி குடை பிடிப்பாருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். "இருக்கிற நிழலைப் பிரிச்சுட்டு, இல்லாத நிழலைத் தர்றேங்கிறான். இவனைப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று செல்லமாக என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். என்னிடம் வேலை செய்யும் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கோபப்படவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெயில் தணிந்த பிறகு கூரையைப் பிரிக்கலாம் என்றார் ஒப்பந்தக்காரர். "சார், இந்த வெயில்ல தகரத்தைத் தொட முடியாது. ஆளுங்க என்னைத்தான் திட்டுவாங்க."

கோடையிலேயே பிரிக்க வேண்டும் என்றேன். மண் காய வேண்டும் என்று காரணம் சொன்னேன். பிறகு சந்தைக் குழாயை அடைக்கச் சொன்னேன். கன்றுகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கன்றுகள் அப்போது வந்திருக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அக்காவும் எலுமிச்சைக்காரியும் இன்னும் சிலரும் மட்டும் தலைக்கு மேல் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு. வெயிலில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

எலுமிச்சைக்காரி உங்களிடம் சொன்னது உண்மை. அன்று மதியம் எதிர்க் கட்டடத்து மாடி ஜன்னலில் நின்றது நான்தான். என் அலுவலகம் அங்கேதான்.

அக்கா மதியத்தில் மூட்டையில் சாய்ந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம் போடுவாள். சந்தைக்கே தெரியும். அன்றும் தூங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தூக்கத்திலும் அவளுடைய ஒரு கை தராசுத் தட்டின் மேலேயே இருக்கும். யாராவது தட்டைத் தொட்டால் விழித்துக்கொள்வாள். பள்ளி விட்டு வந்து அந்தக் கடையில் படுத்துக் கிடந்தவனுக்கு இது தெரியாதா?

அன்று கை தட்டில் இல்லை. உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் தரையில் கிடந்தது.

இறங்கி ஓடியிருக்கலாம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டரே பிறகு சொன்னார். பிழைத்திருந்தால், அவள் பேரைச் சொல்லிக் கூரையும் திரும்ப ஏறியிருக்கும். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நடைபாதையின் வளைவை வரைந்து முடித்தேன். நல்ல வளைவு. நீங்கள் அதன் மேல்தான் நடந்து வந்திருப்பீர்கள்.

கொலை என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருந்துகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருத்தியின் பிடிவாதத்துக்காக ஊரே நிழலில்லாமல் நிற்க வேண்டுமா? கன்றுகள் இப்போது தோள் உயரம். அவை மரமான பிறகு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

அக்காவின் கடை இருந்த இடத்தில், இருப்பதிலேயே தடித்த தண்டுள்ள கன்றை வைத்திருக்கிறேன். அதை ஆட்களிடம் விடுவதில்லை. நானே குடம் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். வெயில் ஏறியதும் மேலே சாக்கைக் கட்டி மறைத்துவிடுவேன். இன்று என்னை இங்கே உட்கார வைத்துவிட்டீர்கள், யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். ஒரு ஆளை அனுப்புங்கள். அதுவும் ஒரு உயிர்தானே, இந்த வெயில் தாங்காது.