படம் போட்ட போர்டு

இல்லைங்க சம்மந்தி, சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? தப்பாச் சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருக்கு. அஞ்சாவதோட நின்னவ நான். முன்னபின்ன ஆயிடுச்சுன்னா இந்த அம்சம் பொய் சொல்றான்னு போயிடும். காப்பிய எடுத்துக்குங்க, கும்பகோணத்துலேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கீங்க. உங்க மகன் இடுப்புக்குக் கீழ அசைவில்லாம ஊருக்கு வந்துட்டாரு, எழிலும் பிள்ளையும் வந்து கூட இருக்கணும், அதானே? எம்பொண்ணு வர மாட்டா. இடுப்புக்குக் கீழதானே அசையல, கை நல்லாத்தானே இருக்கு. இருங்க, எந்திரிக்காதீங்க. சொல்லிடுறேன்.

பிரசவம் பாக்கத்தானே பிஜிக்குப் போனேன். அப்ப அவளுக்கு ஆறு மாசம். ஒரு ஞாயித்துக்கிழம காலையில, கிளம்புங்க அத்தை, காடு பாக்கலாம்னாரு மாப்பிள்ளை. டிக்கெட்டு வாங்கிட்டு உள்ள போற காடுங்க. மரமெல்லாம் கொடிமரம் கணக்கா நெட்டுக்க நிக்குது. நடுவுல ஓடை, படிப்படியா குதிச்சு இறங்குது, ஒவ்வொரு படிக்கும் கீழ ஒரு மடு. மழை வேற. நம்மூரு ஐப்பசி மழையாவது நடுவுல மூச்சு விடும், அது விடவே இல்ல.

ஓடையோரத்துல ஒரு போர்டு. கல்லுல ஒருத்தன் மல்லாக்க விழுற மாதிரி படம். உங்கள மாதிரி படிக்காதவங்களுக்குத்தான் அத்தை படம் போட்டிருக்கான்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சு வச்சேன். சிரிக்கலன்னா அதுக்கும் எழிலுக்குத்தான் விழும். அங்க போன பத்து நாள்லயே தெரிஞ்சுபோச்சு.

ஆமாங்க, அடிப்பாரு. கோவக்காரப் பய, ஆனா மனசு வெள்ளைன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னீங்கதான். மறக்கல.

கால் வீங்கிப்போச்சு, கொஞ்சம் உக்காந்துக்கறேன்னா எழிலு. அவ்வளவுதாங்க கேட்டா. புளிச்சோத்து டப்பாவப் பிடுங்கி அவ மூஞ்சியிலயே அடிச்சாரு. எவர்சில்வர் டப்பா. மூக்கு உடைஞ்சு ரத்தம் கொட்டுது. முடியப் பிடிச்சு மரத்துல மோதினாரு, ஒரு தடவ இல்ல. எம்பொண்ணு ரெண்டு கையாலயும் வயித்தப் பொத்திக்கிட்டிருந்தா, தலையக் காப்பாத்திக்கக் கை இல்ல. அப்புறம் ஷூ காலத் தூக்கினாரு, வயித்தப் பாத்து. நான் குறுக்க விழுந்தேன். அந்த உதை எனக்கு. இந்தா, இந்த விலா, இன்னும் மூச்சு இழுத்தா குத்துது. கத்துறேன், கத்துறேன், தண்ணி விழுற சத்தத்துல எங்கொரலு எனக்கே கேக்கல. கீழ கிடந்த கட்டையத் தூக்கிட்டாரு, அவ தலைக்கு நேரா.

செருப்ப உதறிட்டு ஓடையில இறங்குனேன். கணுக்கால் தண்ணிதான், ஆனா ஆளையே இழுக்குது. முப்பது வருஷம் நடவு நட்ட காலுங்க, கட்டைவிரல ஊனி நிக்கத் தெரியும். அங்க நின்னுக்கிட்டு, டேய், உங்காத்தா உன்ன ஆம்பளையாத்தான் பெத்தாளா, வந்து என்னை அடிடான்னேன். உங்களையும் சேத்து இன்னும் ரெண்டு வார்த்த வந்துச்சு, மனசுல வச்சுக்காதீங்க.

அவள விட்டுட்டு எம்பக்கம் பாஞ்சாரு. ஷூவோட ஒரு எட்டு. ரெண்டாவது எட்டு கல்லுல. காலு ரெண்டும் மேல போச்சு. இடுப்பு பட்ட சத்தம், பச்ச மட்டைய முறிச்ச மாதிரி. அப்படியே உருண்டு கீழ் மடுவுல போய் விழுந்தாரு. தண்ணி செவந்துபோச்சு. ஒரு கையால கல்லப் பிடிச்சுக்கிட்டு, அத்தை, கை குடுங்க அத்தைங்குறாரு. நான் எழிலு மூஞ்சிய முந்தானையால தொடச்சு, உக்கார வச்சு, வயித்துல பிள்ளை அசையுதான்னு தொட்டுப் பாத்துட்டு, அப்புறம்தான் காவக்காரங்களக் கூப்பிடப் போனேன். மெதுவாத்தான் போனேன்.

கால் வழுக்கிடுச்சுன்னாரா உங்ககிட்ட? நிஜந்தான். அதுல பொய்யே இல்ல.

அழாதீங்க சம்மந்தி. பாருங்க, ஒண்ண விட்டுட்டேன், இதுக்குத்தான் பயந்தேன். ஓடையில இறங்குனதும் அந்தக் கல்லுலதான் முதல்ல கால வச்சேன். பாசி, வெண்ணெய் கணக்கா. வெறுங்காலே நிக்கல. போர்டுல போட்டிருந்த கல்லு இதுதான்னு புரிஞ்சுபோச்சு. அதச் சுத்திக்கிட்டு, அந்தப் பக்கமாப் போய் நின்னுக்கிட்டுத்தான் அவரக் கூப்பிட்டேன்.