வால் அழுகலுக்கு மருந்து

இந்தத் தண்ணீரில் குளோரின் வாசனை அடிக்கிறது, மேடம். குடிக்கப் பரவாயில்லை. மீனுக்கு என்றால் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இப்போது என் வீட்டில் யாரும் இல்லை. யாராவது போய்த் தொட்டியில் கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டால் புண்ணியமாகப் போகும். மொத்தத்தையும் மாற்றிவிடப் போகிறார்கள். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மீனைக் கொல்கிறவர்கள்தான் அதிகம்.

விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறேன். மீனைச் சொல்லாமல் தம்பியைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டு முன்னறையில் என் தையல் மெஷின், தம்பியின் கட்டில், நடுவில் மீன் தொட்டி. அம்மா போனபோது அவன் டவுசர் நழுவத் திரிந்துகொண்டிருந்தான். சோறூட்டி, படிக்கவைத்து, லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியது நான். பள்ளிக்கூட வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை வந்தது. ஊசி போடக் கற்றுக்கொண்டதும் நான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். அதை அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. தேவைப்படும்போது ஞாபகப்படுத்துவேன், அவ்வளவுதான்.

சர்க்கரைக்காரர்களுக்கு நாளாக நாளாகப் பாதம் மரத்துப்போகும். அவனுக்குச் சீக்கிரமே மரத்துவிட்டது. ஆணி குத்தினாலும் தெரியாது. அதனால் வேலை முடிந்து வந்ததும் அவன் பாதத்தை என் மடியில் வைத்து விரலிடுக்கு வரை பார்ப்பேன். "விடுக்கா, வெக்கமா இருக்கு" என்பான். விடமாட்டேன்.

இன்சுலின் வாங்கப் போன மருந்துக்கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். பழக்கமாகிவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான். "நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்க்கா. அவ கடைக்குப் பக்கத்துலயே வீடு பாத்தாச்சு. இனிமே என் கால அவ பாத்துக்குவா. நீயும் எவ்வளவு காலம்தான் கஷ்டப்படுவ?"

நல்ல மனசுக்காரன். கழுத்தை அறுப்பதையும் பதமாகத்தான் செய்வான். கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினேன். "சந்தோஷம்டா" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் தொட்டியில் வால் அழுகல் வந்தது. என்னிடம் இருந்தது நீள வால் கோல்டு ஃபிஷ். முதலில் வாலின் ஓரம் வெளுக்கும். பிறகு நூல் பிரிந்த துணி மாதிரி கந்தலாகும். ஓரத்தில் இருக்கும்போதே கவனித்தால் வால் திரும்ப வளரும். அடி வரைக்கும் போய்விட்டால் வளராது. மருந்துக்கு ஓடுவதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். அழுக்குத் தண்ணீராக இருக்கலாம், நெரிசலாக இருக்கலாம், வேறு மீன் கடிக்கலாம். எங்கள் தொட்டியில் காரணம் ஒரு கல். அழகுக்குப் போட்ட கற்களில் ஒன்று உடைந்து, விளிம்பு கத்தியாக இருந்தது. அதில் உரசி வால் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். கல்லை எடுத்துவிட்டேன். மீனைத் தனியாக ஒரு கண்ணாடிச் சாடியில் விட்டு உப்புப் போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை.

இதற்குள் தம்பியின் குதிகாலில் புண் வந்துவிட்டது. எனக்கு அப்போது தையல் வேலை தலைக்கு மேல் இருந்தது, பாதம் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு என்று வாங்கி, காலுக்குப் பழகட்டும் என்று வேலைக்கும் போட்டுப் போன புது ஷூ கடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்து, ஆறும்வரை நடக்கக் கூடாது என்றார். கல்யாணம் தள்ளிப்போனது.

கேப்ஸ்யூலின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் கடைக்காரர் வால் அழுகலுக்குச் சொல்லும் அதே மருந்து. "மனுசங்களுக்கு விக்கிறதுதாங்க. பிரிச்சுத் தண்ணில கொட்டுங்க" என்பார். வீட்டிலேயே மருந்தை வைத்துக்கொண்டு அந்த வாயில்லா ஜீவனை எதற்குச் சாகவிட வேண்டும்?

கேப்ஸ்யூலை மெல்லத் திருகினால் இரண்டாகக் கழன்றுவிடும். தூளைச் சாடியில் கொட்டுவேன். காலிக் கூட்டில் மைதா மாவை நிரப்பி மூடுவேன். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கை, சிந்தாது. எல்லாவற்றையும் ஒரு டப்பியில் போட்டு அவன் தலைமாட்டில் வைத்தேன். மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சிரமம்கூட அவனுக்கு இருக்கக் கூடாது.

சாடி அவன் கட்டிலுக்கு எதிரே ஜன்னலில் இருந்தது. "தண்ணி ஏன்க்கா மஞ்சளா இருக்கு?" என்று கேட்டான்.

"மருந்துடா."

படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாலின் ஓரத்தில் மெல்லிசாகப் புதுச் சவ்வு வந்ததை முதலில் கண்டுபிடித்ததும் அவன்தான். "அக்கா, வளருதுக்கா!" என்றான் சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம் தன் கால் கட்டைப் பார்த்தான். "உன் மீனுக்குக் கேக்குது. எனக்குத்தான் எதுவும் கேக்க மாட்டேங்குது."

தலையைக் கோதிவிட்டேன். அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் நிம்மதி இருந்தது. அவன் எங்கும் போகவில்லை. பாத்ரூமுக்குக்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

காலை எடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆறாமல் இருந்தால் போதும், ஓரத்தோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். அது அடி வரைக்கும் போய்விட்டது. கணுக்கால் கறுத்தது, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவனுடைய துணிமணி எடுக்க அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். டப்பியைப் பார்த்தாள். ஒரு கேப்ஸ்யூலை எடுத்து விரலில் உருட்டினாள். நாள் முழுக்க மாத்திரையோடு புழங்குகிறவள் அல்லவா? திறந்து நாக்கில் வைத்தாள்.

"இது கசக்கணும்" என்றாள். "கசக்கவே இல்லையேக்கா."

அழுவாள் என்று பார்த்தேன். டப்பியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். கெட்டிக்காரிதான். ஆனால் மிச்சமிருக்கும் காலைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு என்ன தெரியும்? என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவன் சொல்கிறானாம். மயக்க மருந்தின் வேகம் அது. தெளிந்ததும் அக்கா எங்கே என்றுதான் கேட்பான்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். மருந்தை மாற்றினேன் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, மேடம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த கல்லை நான் குப்பையில் போடவில்லை. அவனுடைய புது ஷூவின் உள் அட்டையில், குதிகால் படும் இடத்தில் கீறி, கூர் மட்டும் வெளியே தெரியும்படி வைத்தேன். நகர்ந்துவிடாமல் சுற்றித் தையல் போட்டேன். சாக்ஸைத் துவைப்பதும் நான்தான் என்பதால் ரத்தக் கறை அவன் கண்ணில் படவில்லை. நாள் முழுக்க அதன்மேல் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, "ஷூ நல்லா இருக்குக்கா" என்றான்.

அவனுக்கு வலிக்கவே இல்லை. வலிக்கிற மாதிரி நான் அவனுக்கு எதையும் செய்ததில்லை.