இரண்டு விரல்

உள்ளங்கையில் வைத்திருந்த மாட்டிறைச்சித் துண்டை நழுவவிட்டது நான்தான். ஆட்டத்தின் நடுவே ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"ஏமஸு, சாயங்காலம் கடைக்கு வா. உனக்கும் ஒரு எலும்பு போடறேன்" என்று கசாப்புக்கடை கிளெப்பர் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான்.

ஓஹாயோவில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடத் தொடங்கிய காலம் அது. பந்து பிடிக்கிறவனுக்கு வெறுங்கைதான். கையுறை போட்டால் "புதுப்பொண்ணு வந்தாச்சு" என்பார்கள். எங்கள் பந்துவீச்சாளன் ஆரின் தேயர் வேகமாக வீசும் நேர்பந்தைப் பிடித்துப் பிடித்து என் விரல்கள் ஆளுக்கொரு ஊருக்கு வழி காட்டின. இறைச்சிதான் எனக்கு மெத்தை. வலிக்கிறது என்று விலகினால், வெளியே காத்திருப்பவன் என் இடத்துக்கு வந்துவிடுவான்.

ஆரின் எதை வீசவேண்டும் என்று நான்தான் சைகை காட்டுவேன். ஒரு விரல் என்றால் நேர்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. வளைபந்து மெதுவாக வரும். என் கைக்குச் சுகம். ஆனால் முழங்கையைத் திருகி வீசவேண்டும். அதிகம் வீசினால் கை போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

நாய் போனதும் இரண்டு விரல் காட்டினேன். மறுநாளும் அதையே காட்டினேன். ஜெயித்துக்கொண்டுதானே இருந்தோம்.

மாலையில் அவன் கைக்கு எண்ணெய் தடவுவதும் நான்தான். முழங்கை நீள மறுத்தது.

"என்னடா இது?" என்றான்.

"வெறும் பிடிப்பு. நாளைக்கு வீசு, சூட்டுல விட்டுடும்."

நம்பினான். நம்பும்படி பேச எனக்கு வரும். பந்து பிடிப்பதில்தான் கொஞ்சம் குறை.

அந்தக் கோடையில் என் கை நன்றாக ஆறியது.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், அவன் முழங்கையில் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்போதும் என் இரண்டு விரல்கள் நீண்டேயிருந்தன. ஒரே கோடையில் அவன் ஆட்டம் முடிந்தது.

அதன்பிறகு அவன் கை ஏன் போனது என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். "வீசற கைன்னா போகத்தான்பா செய்யும்" என்றார் மேலாளர். வைத்தியர் ஈரக்காற்றைச் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லக்கூட எவனுக்கும் துப்பில்லையே என்று எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஆரின் வேலை பார்க்கும் குதிரை லாயத்துக்கே போனேன். இடது கையால் ஒரு குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரின், உன் கை போனது என்னாலதானா?"

"ஆமா" என்றான், திரும்பாமலே. "உன் கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நேர்பந்தையே மெதுவா வீசியிருப்பேனே, ஏமஸ்."