பத்து நாற்பதுக்கு விழுந்த சத்தம்

— பாத்திரம் இல்லைன்னா வேற என்னன்னு நீங்களே சொல்லுங்க அக்கா. இந்தாங்க, காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க. நேத்து காலைல பத்து நாற்பது. கேக்குதா?

— கேக்குது தம்பி. கணீர்னு இருக்கு. நல்ல மிஷின்தான்.

— மிஷினைப் பாராட்டச் சொல்லல. அந்தச் சத்தம் என்னன்னு கேக்கறேன்.

— என்னமோ விழுந்திருக்கு.

— பத்து நாற்பதுக்கு விழுந்தது. பதினொண்ணு பத்துக்கு விழுந்தது. பதினொண்ணு நாற்பதுக்கு விழுந்தது. அலாரம் வெச்ச மாதிரி அரை மணிக்கு ஒரு தரம் விழுமா ஒரு பாத்திரம்?

— பதினோரு பேர் இருக்கற வீடு தம்பி. மனுஷங்களே நிக்க இடமில்லாம இடிச்சுக்கிட்டுத் திரியறோம். பாத்திரம் மட்டும் வெச்ச இடத்துல உட்கார்ந்திருக்குமா, சொல்லுங்க பார்ப்போம்.

— அது சமையல்கட்டுல விழுந்த சத்தம் இல்ல அக்கா. இங்க, மொட்டைமாடியில, மைக்குக்கு ரெண்டடி தள்ளி விழுந்த சத்தம். தொண்ணூத்தி நாலு டெசிபல். சமையல்கட்டுல விழுந்திருந்தா மேல வந்து சேர்றதுக்குள்ள பாதி செத்துப் போயிருக்கும். பன்னெண்டு வருஷமா சத்தம் அளக்கறதுதான் எனக்குத் தொழில்.

— அப்போ துணி காயப்போட வந்தப்ப வாளி இடிச்சிருக்கும்.

— பதினஞ்சு தரமா?

— துணி நிறைய.

— தயவு பண்ணி அந்தத் திண்டுல கொஞ்சம் உட்காருங்க. நான் சண்டை போட வரல. இது மூணாவது தரம். மொதல் தரம் என்ன ஆச்சு? ஸ்டாண்டை நிறுத்தி, மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி மாட்டி, இருபத்தி நாலு மணி நேரம் யாரும் கிட்ட வராதீங்கன்னு உங்ககிட்ட ஒரு தரம், உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தரம் சொல்லிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தா ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு தகரத் தொட்டி. அதுல குழாய்த் தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு.

— செடிக்குத் தண்ணி பிடிச்சேன்.

— இந்த மாடியில செடியே இல்லையே அக்கா.

— வாங்கலாம்னு இருந்தோம்.

— ரெண்டாவது தரம் தையல் மிஷினைத் தூக்கிட்டு வந்து இங்க போட்டு நாள் பூரா தைச்சீங்க. கீழ வெளிச்சம் பத்தலைன்னு சொன்னீங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டுப் போனேன்.

— நிஜமாவே பத்தல தம்பி. மாடிப்படிக்கு அடியில இருக்கற ரூமு. பட்டப்பகல்ல லைட்டுப் போடணும். நானும் அவரும் ஒரு பக்கம், குறுக்கால ஒரு திரை, அந்தப் பக்கம் பையனும் மருமகளும் கைக்குழந்தையும். ஒருத்தர் தும்மினா அஞ்சு பேரும் எழுந்திரிக்கணும். மேல யாராவது படி ஏறினா எங்க தலையில மிதிச்சு ஏறற மாதிரி இருக்கும். நீங்க அந்த ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு ஏறினீங்களே, இப்பத்தான் தூங்கின குழந்தை முழிச்சுக்கிச்சு.

— மன்னிச்சிருங்க. தெரியாது எனக்கு.

— உங்களைச் சொல்லல. படியைச் சொல்றேன்.

— உங்க கஷ்டத்தை நான் இல்லைங்கல. என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்க. எதிர்ல இருக்கற காலி மனையில கீழ கடைங்க, மேல முந்நூறு வீடுன்னு கட்டப்போறாங்க. அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி காத்து, தண்ணி, நிழல், வண்டி நெரிசல் எல்லாத்தையும் அளந்து ரிப்போர்ட் போடணும். அளக்கறதுக்குக் கட்டடக் கம்பெனி எங்க ஆபீஸைத்தான் அமர்த்தியிருக்கு, அதுல சத்தம் என் தலையில. கடைக்குச் சரக்கு கொண்டு வர்ற லாரிங்க நிக்கப்போற இடம் உங்க மதில்லேர்ந்து நாற்பதடி. அதனால இந்த மாடியை விட்டா எனக்கு வேற மாடி கிடையாது. இருந்தா நான் ஏன் உங்ககிட்ட வந்து இப்படித் தொங்கறேன்?

— வந்துட்டுப் போங்களேன். யார் வேணாம்னா?

— வர்றது பிரச்சினை இல்ல. போன வாரம் சுற்றுச்சூழல் ஆபீஸ்ல அதிகாரியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. இந்த மிஷின் டெசிபல் நம்பரை மட்டும் எழுதறதில்ல, சத்தத்தையும் பதிவு பண்ணிக்கும். அதை அவங்க முழுசா கேட்டிருக்காங்க. என்னையும் பக்கத்துல உட்கார வெச்சு ஒன்றரை மணி நேரம் உங்க தையல் மிஷினைக் கேக்க வெச்சாங்க. இது குடியிருக்கற வீடா, பட்டறையான்னு கேட்டாங்க. வீடுன்னேன். அப்போ அந்த வீட்டுல நாள் பூரா என்ன தைக்கறாங்க, கப்பலுக்குப் பாயான்னு கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது?

— தலையணை உறைன்னு சொல்லியிருக்கலாம். அதைத்தான் தைச்சேன்.

— இந்த ரிப்போர்ட் ரெண்டு தரம் திரும்பி வந்தாச்சு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்தத் தரமும் கெட்டுப்போச்சுன்னா, இனிமே வெளி வேலைக்கு உன்னை அனுப்பமாட்டேன், ஆபீஸ்ல உட்கார்ந்து ரிப்போர்ட்டுக்குப் பக்க எண் போடுன்னு எங்க மேனேஜர் சொல்லிட்டார். இத்தனைக்கும் இங்க பதிவான டெசிபல் நம்பர்ல அவருக்கு வருத்தமே இல்ல. அதிகாரியம்மா ஏத்துக்க மாட்டேங்கறாங்கன்னுதான் எரிச்சல்.

— ஏன், சத்தம் கூட இருந்தா அவருக்கு நல்லதா?

— அதை நான் சொல்லக்கூடாது.

— சரி, சொல்லாதீங்க. டீ குடிக்கறீங்களா? சத்தம் வராம போட்டுத் தரேன்.

— வேணாம் அக்கா. உங்களைப் பார்த்தா கோபமும் வருது, பாவமாவும் இருக்கு. வாசல்ல ஆளுயரத்துக்குப் பலகை மாட்டியிருக்கீங்க, இந்தக் கட்டடம் எங்களுக்கு வேண்டாம்னு. உங்க மூத்தார்தானே இந்தத் தெருச் சங்கத்துக்குத் தலைவர்?

— ஆமா. வீட்டுக்காரரோட அண்ணன். நடுக்கூடம், நாலு ரூமு, வாசல் எல்லாம் அவங்க பாகம். ஞாயித்துக்கிழமை கூட்டம் கூட கூடத்துலதான் நடந்துச்சு. இருபது பேர் வந்தாங்க. ஒருத்தர் சொல்றார், கட்டடத்தோட நிழல் அவர் கார் மேல விழுமாம். கார் வெயில்ல காயுதேன்னு ரெண்டு வருஷம் முன்னாடி கொட்டகை போட்டவரும் அவர்தான். இன்னொருத்தங்க, இங்க இருக்கற கிளியெல்லாம் போயிரும்ங்கறாங்க. நான் இங்க வாழ வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு, ஒரு கிளியைப் பார்த்ததில்ல. கடைசியில எங்க மூத்தார் எழுந்து, இப்பவே தெருவுல மூச்சுவிட இடமில்ல, இன்னும் முந்நூறு குடும்பம் வந்தா என்ன ஆகறதுன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் மூணு தரம் டீ கொண்டுபோய்க் குடுத்தேன். முடிஞ்சதும் இருபது நாற்காலியையும் எங்க ரூமுல அடுக்கினாங்க. அங்கதான் எப்பவும் அடுக்கறது.

— எதிர்க்கறதுக்கு உங்களுக்கெல்லாம் உரிமை இருக்கு. தப்புன்னு சொல்லல. ஆனா நீங்க எதிர்க்கற விதம் இருக்கே, அது உங்க கண்ணை நீங்களே குத்திக்கற மாதிரி.

— புரியல தம்பி.

— புரியாது. அதனாலதான் சொல்லக்கூடாததைச் சொல்றேன். நான் சொன்னேன்னு வெளிய போச்சுன்னா என் வேலை போயிரும்.

— வெளிய போகாது. இந்த வீட்டுல என் பேச்சு கூடத்தைக்கூடத் தாண்டறதில்ல.

— நல்லாக் கேளுங்க. இவ்வளவு சத்தம் இருக்கே, இன்னும் கட்டடம் வந்தா என்ன ஆகும்னு ஆபீஸ்ல பயந்துருவாங்கன்னு நீங்க நினைக்கறீங்க. கணக்கு அப்படி இல்ல. இப்ப இங்க எவ்வளவு சத்தம் இருக்கு, லாரி வந்தா அதுக்கு மேல எவ்வளவு கூடும், அந்த வித்தியாசத்தைத்தான் பார்ப்பாங்க. அமைதியான ரூமுல ஒரு கரண்டி விழுந்தா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. பட்டறையில விழுந்தா யாருக்குக் கேக்கும்? நீங்க இந்த மாடியைப் பட்டறை ஆக்கிக்கிட்டு இருக்கீங்க. உங்க நம்பர் ஏற ஏற, லாரிச் சத்தம் ஒண்ணுமே இல்லைன்னு ஆகுது. கட்டடக் கம்பெனிக்கு நீங்களே கைகட்டி வேலை பார்க்கறீங்க அக்கா.

— அப்படியா.

— அப்படித்தான். நீங்க சும்மா இருந்தாலே போதும். பகல்ல இந்தத் தெரு அவ்வளவு அமைதி. லாரி வந்தா வித்தியாசம் பளிச்சுனு தெரியும். இவ்வளவுக்கு மேல கூடினா தப்புன்னு ஒரு எல்லை வெச்சிருக்காங்க. அது வந்து...

— மூணு.

— ஆமா, மூணு டெசிபல். யார் சொன்னாங்க உங்களுக்கு?

— ஒன்பதாம் அத்தியாயம். நூத்தி எண்பத்தேழாம் பக்கம். மேல பட்டியல், கீழ பொடி எழுத்துல விளக்கம். நீங்க அளக்க வர்றதுக்கு முன்னாடியே போட்ட வரைவு ரிப்போர்ட்டை நூலகத்துல வெச்சிருக்காங்களே, பொதுமக்கள் பார்வைக்குன்னு. நாலு மத்தியானம் உட்கார்ந்து படிச்சேன். நூலகத்து அம்மாவுக்கே ஆச்சரியம், இதைக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வரலைன்னாங்க.

— அப்போ எல்லாம் தெரிஞ்சும் ஏன் இப்படி...

— தெரிஞ்சதாலதான் தம்பி பாத்திரத்தை உருட்டினேன்.

— அக்கா.

— அந்தப் பலகை எங்க மூத்தார் மாட்டினது. என்னை யாரும் கேக்கல. முந்நூறு வீட்டுல அறுபது வீடு, இந்த வட்டாரத்துல பத்து வருஷம் இருந்தவங்களுக்குக் குறைஞ்ச வாடகையில, குலுக்கல் போட்டுத் தர்றாங்க. அதுல ஒண்ணு கிடைச்சா என் மருமக திரையைப் பிடிச்சுக்கிட்டுத் துணி மாத்த வேண்டாம். சத்தம் கூடுதுன்னு நீங்க எழுதினீங்கன்னா கடையை எடுன்னுவாங்க. கடை போனா கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. அப்போ மொதல்ல எதை வெட்டுவாங்க? எங்க அறுபதைத்தான் வெட்டுவாங்க. இது எந்த அத்தியாயத்துலயும் எழுதல. எழுதாட்டி எனக்குத் தெரியாதா என்ன?

— மூணு தரம் அக்கா. மூணு தரம் இந்த ஸ்டாண்டைத் தோள்ல சுமந்துக்கிட்டு நடந்து வந்திருக்கேன். பாவம், விவரம் தெரியாம பண்றாங்கன்னு என் மனைவிகிட்டகூட உங்களுக்காகப் பேசினேன். வேலை போனாலும் போகட்டும்னு இப்ப வாயைத் திறந்தேன்.

— அதனாலதான் நானும் மறைக்காம சொல்லிட்டேன். நல்லவங்ககிட்ட எத்தனை நாள் வாளி வாளின்னு சொல்றது?

— நல்லவன்னா நான் சொல்றதையும் கேக்கணும். தப்பான நம்பர் போச்சுன்னா, லாரி எத்தனை மணிக்கு வேணா வரலாம், தடுப்புச் சுவரும் வேண்டாம்னு ஆயிரும். சரியான நம்பர் போனா கடையை எடுக்கணும்னு இல்ல. லாரிக்கு நேரம் குறிக்கலாம். பன்னெண்டடிக்குச் சுவர் எழுப்பச் சொல்லலாம்.

— சொல்லலாம். வெட்டவும் வெட்டலாம். வெட்ட மாட்டாங்கன்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா?

— முடியாது. ஆனா உங்க மாடியைப் பத்தி மட்டும் நான் பேசல. அந்த அறுபது வீட்டு ஜன்னலும் லாரி நிக்கற பக்கம்தான் திறக்குது. ரெண்டாம் மாடி, மூணாம் மாடி. உங்க பேரன் அங்கதான் தூங்குவான். அங்கயும் வந்து பாத்திரம் உருட்டுவீங்களா?

— அது எந்தப் பக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டுல இல்லையே. நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

— ரிப்போர்ட்டுல இல்ல. அந்த அறுபது வீட்டுக் குலுக்கலுக்கு விண்ணப்பம் வாங்கின ஆபீஸ்ல, உள் சுவர்ல வரைபடம் ஒட்டியிருந்தாங்க.

— என் பையன்தான் போய்க் குடுத்துட்டு வந்தான். அவன் எதையும் நிமிர்ந்து பார்க்கற ரகம் இல்ல. ஆனா எழுதிக் குடுக்கறவங்களைத் தவிர ஒருத்தரையும் உள்ள விடலைன்னானே. அளக்கறவங்களுக்கு அங்க என்ன வேலை?

— அளக்கறவனுக்கு வேலை இல்ல அக்கா. நானும் இந்த வட்டாரத்துக்காரன்தான், காலைல ஆறு மணியிலேர்ந்து வரிசையில நின்னேன். என் விண்ணப்பம் நானூத்தி ஏழு. நகருங்க, மிஷினை மறுபடியும் ஆன் பண்றேன். தயவு பண்ணி நாளைக்குப் பத்து மணி வரைக்கும் சத்தம் போடாதீங்க.