சிங்கப்பூரில் விழுந்த புரொபசர்

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஒரு தம்பதி மடியில் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"மகனோட புரொபசர் கால்ல விழப் போறோம்," என்றார் அந்த அம்மா, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம்.

"எதுக்குங்க?"

"திருக்கடையூர்ல இவருக்கு அறுபதாம் கல்யாணம். மகன் அன்னிக்கு காலேஜ் டூர்ல சிங்கப்பூர்ல இருந்தான். வீடியோ கால்லயே விழுந்து கும்பிட்டான். கூட இருந்த புள்ளைங்களும் விழுந்துச்சுங்க. அதைப் பாத்து புரொபசரும் விழுந்துட்டாரு. நாங்களும் அட்சதை போட்டுட்டோம். அப்பறம் கேட்டா, அவரு இவரைவிட மூத்தவராம். பெரியவரை விழ வச்ச பாவம் எங்களுக்குல்ல?"

"நீங்களும் போன்லயே விழுந்திருக்கலாமே?"

"போன்ல விழுந்தா செல்லாதுங்க."

"அப்ப அவர் விழுந்ததும் செல்லாதுல்ல?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சு," என்றார் அவர்.