அறுபத்தாறு சென்ரிமீற்றர்

— இதையும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ தவராசா அண்ணை. குழல் நீளம் கூடிப்போச்சு.

— ஐசே நிக்கலஸ், இது நாலாவது துவக்கு. அந்த மனுசன் கடையைப் பூட்டிப்போட்டுச் சாப்பிடப் போற நேரம். உமக்காகத்தான் நிக்குது. நான் தெரியாமல்தான் கேக்கிறன், டெனிஸ் பாஷை தெரியும் எண்ட குற்றத்துக்காக இந்த ஸ்கீவ ரவுணிலை இருக்கிற அத்தினை தமிழருக்கும் நான் வாயாய்த் திரிய வேணுமோ? டொக்டரிட்டை நான், கொம்யூன் கந்தோரிலை நான், இப்ப துவக்குக் கடையிலையும் நான்.

— உங்களை விட்டா எனக்கு ஆர் அண்ணை இருக்கினம்? எழுபத்தாறு வேண்டாம். எழுபத்தொண்டும் வேண்டாம். அதுக்குக் கீழை என்ன வைச்சிருக்கிறார் எண்டு கேளுங்கோ.

— கேக்க முந்தியே தலையாட்டுறான். ஃபியோர்ட்டிலை, இந்தக் கடலேரியிலை, தாராச் சுடுறதெண்டா எழுபத்தாறு சென்ரிமீற்றர் குழல்தானாம். வெட்டையான தண்ணி, பறவை உயரத்தாலை வேகமாய் வரும். நீளக் குழல் கையிலை பாரமாய் நிண்டு, பறவையோடை ஒரே ஓட்டமாய் ஓடுமாம். கட்டைக் குழல் வெடுக்கெண்டு திரும்பி வெடுக்கெண்டு நிண்டுபோமாம். அந்த இடத்திலை தாரா தப்பியிடுமாம்.

— சரியாத்தான் சொல்லுறார். ஆனா அது கரையிலை எழும்பி நிண்டு சுடுறவைக்கு. வள்ளத்துக்கை குந்தியிருந்து சுடுறதெண்டா நீளக் குழல் நாணலிலை கொளுவும். தாரா தலைக்கு மேலாலை போகேக்கை குழல் வள்ளத்தின்ரை விளிம்பிலை முட்டிக்கொண்டு நிக்கும். மன்னாரிலை, கட்டுக்கரைக் குளத்திலை நான் கண்ணாலை கண்டது.

— அப்ப நடுவாலை எழுபத்தொண்டை எடுமன். அவனுக்கும் சரி, உமக்கும் சரி, எனக்கும் பசிக்குது.

— நடுவாலை எடுக்கிறதுக்கு இது கத்தரிக்காய் இல்லை அண்ணை. மாரியிலை போடுற கோட்டையும் யோசியுங்கோ. இரண்டு சுவெற்றர், மேலை கோட்டு. தோளிலை வைக்கேக்கை துவக்கு தானாய் இரண்டு அங்குலம் முன்னுக்குப் போயிடும். பிறகு பாரம் முழுக்க முன்னங்கையிலை. நாலாவது வெடிக்கு முன்னங்கை விட்டுப்போம்.

— குழல் கட்டையெண்டா குண்டு தூரம் போகாதே?

— ஆர் சொன்னது, அவரோ?

— இல்லை, நான் சொல்லுறன்.

— உதைத்தான் எல்லாரும் சொல்லுறவை. இரண்டு மூண்டு அங்குலத்திலை தூரம் பெரிசா மாறாது. குண்டு எப்பிடிப் பரவும் எண்டது குழலின்ரை வாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கு எண்டதிலைதான் கிடக்கு. அவரிட்டையே கேட்டுப் பாருங்கோ.

— ...ஓமாம். உது நூற்றுக்கு நூறு சரியாம். ‘உம்மடை சிநேகிதன் பழம் தின்று கொட்டை போட்ட வேட்டைக்காரன் போலை’ எண்டமாதிரிச் சொல்லுறான். நானும் விடேல்லை. மன்னாரிலை ஒரே காலமை பதினொரு தாரா எண்டு எடுத்து விட்டன். பக்ரறியிலை கென்ட்டுக்கும் அந்தக் கதைதானே சொன்னனாங்கள், அதுக்குப் பிறகுதானே தன்ரை வள்ளத்தை உமக்கு இரவல் தாறன் எண்டவன்.

— அறுபத்தாறு இருக்கோ எண்டு கேளுங்கோ அண்ணை.

— புகழ்ந்தாலும் சந்தோசப்படமாட்டீர். ...ஒண்டு இருக்காம். பழசு. பக்கத்திலை பக்கத்திலை இரண்டு குழல். பின்னறையிலை கிடக்காம், எடுக்கப் போறான். ஐசே, ஆள் இல்லாத நேரத்திலை ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும்.

— கேளுங்கோ.

— நேற்றுப் பின்னேரம் உமக்குச் சிலோன் முத்திரையோடை ஒரு கடிதம் வந்தது. நான்தான் பெட்டியிலை இருந்து எடுத்துத் தந்தன். நீர் குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு உடைச்சீர். வெளியிலை வரேக்கை முகம் வேறை. நான் போட்ட புட்டையும் தொடேல்லை. விடிய எழும்பினதும் துவக்கு வாங்க வேணும் எண்டு நிக்கிறீர். அதுவும் கட்டைத் துவக்குத்தான் வேணுமாம். எனக்குப் பயமாயிருக்கு.

— என்ன பயம்?

— மூண்டு வருஷம் பெண்சாதியைக் கூப்பிடப் பைத்தியம் மாதிரித் திரிஞ்ச மனுசன் நீர். உள்ளதைச் சொல்லும். இந்தத் துவக்கு தாராவுக்குத்தானோ?

— அண்ணை, சாகப் போறவன் அங்குலம் பாத்து வாங்குவானோ?

— பகிடி விடாதையும். ஒரு வீட்டிலை ஒரு பானையிலை சாப்பிடுறம். எனக்கும் நெஞ்செண்டு ஒண்டு இருக்கு. விக்ரோரியா வரமாட்டன் எண்டு எழுதிப்போட்டாவோ?

— அதுக்கு முந்தின கடிதத்திலை அப்பிடித்தான் எழுதினவ. ‘மூண்டு வருஷம் டென்மார்க்காரர் என்னை வா எண்டும் சொல்லாமல், வராதை எண்டும் சொல்லாமல் வைச்சிருந்தினம். இப்ப விசாத் தந்தவுடனை நான் ஓடி வரவேணுமோ? வந்தும் என்ன செய்யிறது, நாலு சுவருக்குள்ளை இருந்து ஜன்னலாலை பனி பாக்கிறதோ?’ எண்டு.

— மனுசி கேக்கிறதிலை ஞாயம் இருக்கு. நான் ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை பதினாறு வருஷம் கிளாக்காய் இருந்தனான், எனக்குத் தெரியும். பைலைத் துலைக்கிறது ஒண்டு, அடியிலை போட்டுப்போட்டு மேலை ஏறிக் குந்தியிருக்கிறது இன்னொண்டு. இஞ்சை விசாக் குடுக்கிறவங்கள் குந்தியிருந்தவங்கள். பங்குனியிலை ஒம்புட்ஸ்மன், அரசாங்கத்தையே விசாரிக்கிற அந்த மனுசன், பிழை எண்டு எழுதின பிறகுதானே தூசு தட்டினவங்கள். உமக்கு வேட்டைப் பத்திரம் தர எத்தினை நாள் எடுத்தவை?

— பரீட்சை பாஸ் பண்ணி மூண்டு கிழமை.

— பாத்தீரே. துவக்குக்கு மூண்டு கிழமை, பெண்சாதிக்கு மூண்டு வருஷம். இதை டெனிஸிலை சொன்னா இந்த மனுசன் நம்பாது. சரி, விசா எப்ப முடியுது?

— மார்கழியோடை. அதுக்கிடையிலை அவ வரவேணும். பிறகு எல்லாம் முதலிலை இருந்துதான்.

— இப்ப ஐப்பசி. ...இஞ்சை, கொண்டு வாறான். வடிவான சாமான்தான். பிடியும், தோளிலை வைச்சுப் பாக்கட்டாம்.

— வைக்கத் தேவையில்லை. மேசையிலை கிடத்தச் சொல்லுங்கோ. ஒருக்கா அளக்க வேணும்.

— இதென்ன, பேர்சுக்குள்ளை இருந்து நூல் எடுக்கிறீர்? துவக்கு வாங்க வந்தனீரோ, சட்டை தைக்க வந்தனீரோ?

— அந்த முடிச்சைக் குழலின்ரை வாயிலை பிடியுங்கோ அண்ணை. இழுக்காமல் பிடியுங்கோ, பழைய நூல். மற்ற முடிச்சு தோட்டா வைக்கிற இடத்திலை வரவேணும்... வந்திட்டுது. பாத்தியளே, மயிரளவும் பிசகேல்லை.

— வந்திட்டுதுதான். அறுபத்தாறு. கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறான். தன்ரை சீவியத்திலை நூலாலை துவக்கு அளந்த ஆளைக் காணேல்லையாம்.

— இஞ்சை தண்ணிப் பக்கத்திலை ஈயக் குண்டு விடமாட்டினம், இரும்புக் குண்டுதான். பழைய குழல் தாங்குமோ எண்டு கேளுங்கோ.

— தாங்குமாம். குழல் வாயைக் கொஞ்சம் அகட்டித்தான் வைச்சிருக்கினமாம். ஆனா விக்க முந்தி ஒண்டு சொல்ல வேணுமாம். இது உமக்குப் பொருந்தவே பொருந்தாதாம். உம்மடை கை துடுப்பு மாதிரி நீளம். இதின்ரை பிடியும் கட்டை, குழலும் கட்டை. நீர் வெடி வைச்சா உம்மடை பெருவிரல் உம்மடை மூக்கை உடைக்குமாம். இந்த அளவு இஞ்சை பொம்பிளையள்தான் வாங்குறவையாம்.

— பொம்பிளைக்குத்தான் எண்டு சொல்லுங்கோ.

— என்ன?

— விக்ரோரியாவுக்கு.

— விக்ரோரியா சுடுவாவோ?

— அந்தப் பதினொரு தாராவும் அவ சுட்டது அண்ணை. மாமாவுக்குக் கண் மங்கின பிறகு துவக்கு அவவின்ரை கைக்கு வந்திட்டுது. நான் வள்ளம் தாங்கிறவன். விழுகிற தாராவைக் கழுத்தளவு தண்ணியிலை இறங்கிப் பொறுக்கிறவன். அப்பிடிப் பொறுக்கித்தான் கலியாணமும் முடிஞ்சது. நான் இண்டு வரைக்கும் ஒரு வெடி வைச்சதில்லை.

— அட கோதாரி! பக்ரறி முழுக்க உம்மை வேட்டைக்காரன் எண்டு கும்பிடுது. கென்ட் வள்ளம் தாறன் எண்டு நிக்கிறான். நான் இப்ப இவனிட்டையும் அவிட்டு விட்டிட்டன்!

— எத்தினை தாரா எண்டுதான் எல்லாரும் கேட்டவை. ஆர் சுட்டது எண்டு ஒருதரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை.

— கேக்கேல்லைத்தான். எனக்கு அப்பிடி ஒரு யோசினையே வரேல்லை, வெக்கமாயிருக்கு. பின்னை எப்பிடி ஐசே பரீட்சை பாஸ் பண்ணினீர்?

— அது புத்தகப் பரீட்சை, அகராதியை வைச்சு வாசிச்சா விளங்கும், டெனிஸிலை கதைக்கத்தான் எனக்கு வாய் வராது. பறவையின்ரை பேர், எந்த மாசம் எதைச் சுடலாம், துவக்கை எப்பிடிப் பத்திரமாய் வைச்சிருக்கிறது. அந்தப் புத்தகம் முழுக்கத் தமிழிலை எழுதி வைச்சிருக்கிறன், நாலு கொப்பி. அவ வந்து படிச்சுத் தன்ரை பத்திரத்தைத் தானே எடுக்கட்டும். அதுவரைக்கும் இது என்ரை பேரிலை பூட்டுக்குள்ளை கிடக்கும்.

— எல்லாம் சரி. துவக்கையும் வாங்கி, கொப்பியும் எழுதி வைச்சுப்போட்டு, அவ வராட்டி?

— வருவா.

— இவ்வளவு திடமாய்ச் சொல்லுறீர். வரமாட்டன் எண்டு எழுதின மனுசியெல்லோ?

— அதுக்கு நான் ஒரு மறுமொழி போட்டனான். ‘இஞ்சை ஃபியோர்ட் கிடக்கு, தாரா கிடக்கு, சட்டப்படி துவக்கும் வாங்கலாம். வள்ளம் நான் வலிப்பன். என்ன நீளத்திலை குழல் வேணும்?’ எண்டு மட்டும் கேட்டு எழுதினன்.

— அப்ப நேற்று வந்தது அதுக்கு மறுமொழி. என்னெண்டு எழுதியிருந்தவ?

— ஒரு எழுத்தும் எழுதேல்லை அண்ணை, கடதாசியே இல்லை. எண்பத்தஞ்சிலை துவக்கெல்லாம் பொலிசிலை கொண்டுபோய்க் குடுக்கச் சொன்ன அண்டைக்கு, குடுக்க முந்தி மாமாவின்ரை துவக்குக் குழலை அளந்து ஒரு நூல் வெட்டிச் செபப்புத்தகத்துக்கை வைச்சவ. அந்த நூல் மட்டும்தான் உறைக்குள்ளை இருந்தது.