கொட்டில் வாசலில் வேப்பிலை

"வேப்பிலை கட்டினதுக்கா ஒரு மனுசனைக் கடல் தாண்டி அனுப்புவாங்க?"

சாவகச்சேரிப் புகையிரத நிலையத்தில், பயணச்சீட்டு வரிசையில் எனக்கு முன்னே நின்ற இளம்பெண் இவ்வாறு கேட்டாள். பேச்சு இராமநாதபுரத்தது. உடன் நின்ற அம்மையார், அவள் கணவன் வேலை செய்த புகையிலைத் தோட்டத்துக்கு உரியவரின் மனைவி எனப் பின்னர் விளங்கிற்று. ஊரெங்கும் அம்மை பரவியிருந்த காலம் அது.

"மெல்லக் கதை, பிள்ளை. சனம் கேக்குது."

"மாரியாத்தா வந்தது உங்க மகனுக்கு. அவளுக்கு மரியாதையாத்தானே நாங்க குடியிருந்த கொட்டில்லயும் வேப்பிலை கட்டினாரு? அவர் ஒடம்புல ஒரு கொப்புளம் கண்டீங்களா?"

"இல்லை. சுகாதார ஐயா கேட்டால்தானே! அக்கரை ஆள், அனுப்பத்தான் வேணும் எண்டிட்டார்."

"உங்க மகனை?"

"வாசல் படலையைப் பூட்டிக்கொண்டு வீட்டிலை வைச்சுப் பாக்கச் சொன்னவர்."

"தோட்டத்து ஐயா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னவரடி."

"படலைக்கு உள்ள நின்னுதானே சொன்னாரு."



"உன்ரை மனுசனைத் தலைமன்னார் முகாமிலைதான் மறிச்சு வைச்சிருக்கினமாம். கப்பலேத்த முன்னம் போய்ச் சேர். திரும்பி ரண்டுபேரும் வாங்கோ, என்ன?"

"விடுவாங்களா?"

வண்டி வந்து நின்றது. பெண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். சன்னலருகே வந்த அம்மையாரிடம் குனிந்து சொன்னாள்:

"கொட்டில் வாசல்ல அந்த வேப்பிலை இன்னும் தொங்குது அம்மா. அவுத்துப் போட்டுருங்க. அடுத்து வேலைக்கு வர்றவனையும் கொண்டு போயிருவாங்க."